இம்பார்ட்டன்ட் கொடுத்த மாதம்

மார்ச் 9, திங்கள்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஸ்கூட்டி சர்வீஸில். மூலக்குளத்திலிருந்து நின்றுகொண்டே பஸ்.

முதல் பீரியட் பி.காம். இரண்டாம் ஆண்டு, காஸ்ட் அக்கவுண்டிங். பட்டியலில் ஐம்பத்து நாலு பேர். வந்தது பத்தொன்பது. திங்கட்கிழமை என்றால் இப்படித்தான். சனி, ஞாயிறு ஊருக்குள் வெளியூர்க் கூட்டம், பாதிப் பேருக்கு வேலை. ஒருத்தன் கடற்கரை ஹோட்டலில் டேபிள் துடைக்கிறான். ஒருத்தன் பைக்கில் பார்சல் சாப்பாடு கொண்டுபோகிறான். விக்னேஷ் நோணாங்குப்பம் படகுத்துறையில் வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறான். இன்று அவன் வந்திருந்தான். வந்து தூங்கினான்.

"என்னப்பா, ராத்திரி தூங்கலையா?"

"நேத்து செம கூட்டம் மேடம். கையே விட்டுப்போச்சு."

கழுத்தெல்லாம் வெயிலில் தோல் உரிந்து கிடந்தது. திட்ட வாய் வரவில்லை. தூங்கட்டும் என்று விட்டேன்.

மதியம் துறைத் தலைவர் கூப்பிட்டார். இனி து.த. என்றுதான் எழுதுவேன், முழுசாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. இந்த வருஷமும் மாணவர்கள் செல்போனிலேயே ஆசிரியர்களுக்கு மார்க் போடுவார்களாம். ஐந்துக்கு. மூன்றரைக்குக் கீழே போனால் ஜூனில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்களாம். "மேனேஜ்மென்ட் முடிவு மேடம். என் கையில எதுவும் இல்ல" என்றார். அவர் கையில் வடை இருந்தது.

போன வருஷம் எனக்கு 2.9. அப்போது 2.8 இருந்தால் போதும், தப்பித்தேன். ஒரு பிள்ளை எழுதியிருந்த கருத்து: 'மேடம் ரொம்ப கணக்கு போடச் சொல்றாங்க.' காஸ்ட் அக்கவுண்டிங்கில் வேறு என்ன, கோலமா போடச் சொல்வார்கள்?

வாங்க வேண்டியது: பால், பையனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், தலைவலி மாத்திரை. காஸ் புக் செய்யணும்.

மார்ச் 11, புதன்

முதல் இன்டர்னல் பேப்பர் கொடுத்தேன். நாற்பதுக்கு. பாஸ் ஆறு பேர். ஆக்னஸ் 36.

ஆக்னஸ் அரியாங்குப்பம். அப்பா கொத்தனார். முதல் பெஞ்ச். "மேடம், இது ஏன் இப்படி வருது?" என்று கேட்பாள். மூன்று வருஷமாக என் வகுப்பில் 'ஏன்' என்று கேட்டது இவள் ஒருத்திதான். அவளுக்காகவே ராத்திரி உட்கார்ந்து தயார் செய்கிறேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மற்றவர்கள் எல்லாம் ஒரே குரல். "இம்பார்ட்டன்ட் குடுங்க மேடம். மத்த மேடம்லாம் குடுக்குறாங்க." எந்தக் கணக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம். ரோஷனுக்கு அதுவும் வேண்டாம். அவன் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு குடியுரிமை. "நான் டிசம்பர்ல பாரிஸ் போயிடுவேன் மேடம், எனக்கு எதுக்கு மார்க்கு?" அவன் வாங்கியது மூன்று. அதைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிச் சிரித்தான்.

நான் கத்தினேன். கத்தி முடித்ததும் விக்னேஷ் எழுந்தான்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். எங்க மாமா பையன் இதே காலேஜ்தான், தொண்ணூறு பர்சன்ட். இப்ப என் பக்கத்துல நின்னு டிக்கெட் கிழிக்கிறான். எனக்கு பாஸ் போதும் மேடம்."

"உக்காருப்பா" என்றேன். பதில் தெரியாத வாத்தியார் வேறென்ன சொல்ல முடியும்.

மார்ச் 12, வியாழன்

நூறடி ரோட்டில் முருகவேல் சாரைப் பார்த்தேன். புள்ளியியல். போன வருஷம் 2.7 வாங்கி வெளியே போனவர். இப்போது இன்ஷூரன்ஸ். டை கட்டியிருந்தார், இந்த வெயிலில். என்னைக் கண்டதும் பையிலிருந்து நோட்டீஸ் எடுக்கப் போனார், பிறகு கூச்சப்பட்டு உள்ளே வைத்துக்கொண்டார்.

"பேசாம குடுத்துடுங்க மேடம்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "நீ ஒருத்தி ஸ்ட்ரிக்டா இருந்து என்ன ஆவப்போவுது? உன்ன வெளிய அனுப்பிட்டா நாற்பத்திமூணு வயசுல எவன் எடுப்பான்?" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. ரசம் ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன். சின்னப்பிள்ளைத்தனம்.

மார்ச் 16, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

பத்துக் கணக்கு. போர்டில் ஒவ்வொரு வரியாக, விடை வரைக்கும். அதில் நாலு வரும் என்று என் வாயாலேயே சொன்னேன். இம்பார்ட்டன்ட் தரப்போகிறேன் என்று வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். திங்கட்கிழமை, வகுப்பு நிரம்பி வழிகிறது! சில முகங்களை இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். ஒருவரும் நோட்டைத் திறக்கவில்லை. எல்லாக் கையிலும் போன்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

தள்ளி நின்றேன்.

ஆக்னஸ் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "நம்பர் மாத்துவீங்களா மேடம்?" என்றாள்.

"மாத்த மாட்டேன்."

பேனாவை மூடினாள், திரும்பத் திறந்தாள்.

பீரியட் முடிந்ததும் கை தட்டினார்கள். இந்தக் கல்லூரியில் பதினோரு வருஷம், முதல் கைதட்டல். வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 18, புதன்

வினாத்தாள் டைப் அடித்தேன். நடுவில் காஸ் சிலிண்டர் வந்தது, சில்லறை தேடினேன், பையன் பசி என்றான், குழம்பு அடிப்பிடித்தது. எப்படியோ அனுப்பிவிட்டேன். இதற்கு முன்னெல்லாம் நாலு முறை சரிபார்ப்பேன். இந்த வினாத்தாளை யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டேன்.

ஸ்கூட்டி வந்துவிட்டது. பிரேக் இன்னும் கீச்சிடுகிறது.

மார்ச் 20, வெள்ளி

இரண்டாவது இன்டர்னல். பாதி நேரத்திலேயே ஹால் காலி. எழுதி முடித்தவர்கள் வராந்தாவில் நின்று, "அப்படியே வந்துச்சுடா!" என்று குதித்தார்கள்.

ஆக்னஸ் மட்டும் கடைசி மணி வரை. நடுவில் ஒருதரம் எழுந்தாள். "மேடம், மூணாவது கணக்குல..."

"எக்ஸாம்ல பேசக் கூடாதும்மா. பேப்பர்ல என்ன இருக்குதோ அத வச்சுப் போடு."

உட்கார்ந்தாள். மணி அடித்தும் எழுதிக்கொண்டிருந்தாள், நான்தான் பேப்பரை இழுத்து வாங்கினேன். தவக்காலம், காலையில் சாப்பிடுவதில்லை போல. முகம் வெளுத்திருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

திருத்தல். சுலபமான வேலை. ஒரே விடை, ஒரே கையெழுத்து என்றுகூடச் சொல்லலாம். மூன்றாவது கணக்கு காஸ்ட் ஷீட்: கொள்முதல் 1,20,000, லாபம் 36,000. டிக். டிக். டிக். டிவி பார்த்துக்கொண்டே போட்டேன்.

ஆக்னஸ் பேப்பர். லாபம் 54,000. பெருக்கல் குறி போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, இந்தப் பெண்ணா தப்பாகப் போடுவாள்? வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன்.

கொள்முதல் 1,02,000. நான் மாற்றி அடித்திருக்கிறேன்.

அவள் சரி. பேப்பரில் இருந்த எண்ணுக்கு 54,000தான் வரும். மற்ற எல்லாப் பேப்பரையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் 1,20,000 என்று எழுதியிருக்கிறார்கள். வினாத்தாளில் இல்லாத எண். போட்டோவில் இருந்த எண். கேள்வியை ஒருவரும் படிக்கவில்லை. ஒருவர்கூட.

ஆக்னஸ் அந்தக் கணக்கை மூன்று தடவை போட்டிருக்கிறாள். இரண்டு தடவை அடித்திருக்கிறாள். வகுப்பில் நான் கொடுத்த விடை வரவில்லையே என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள், பாவம். அதில் நேரம் போய், நாலாவது கணக்கு இரண்டே வரி. அன்றைக்கு எழுந்து கேட்டது இதைத்தான். நான் வாயை அடைத்தேன்.

அவளுக்கு 31. விக்னேஷுக்கு 39. ரோஷனுக்கு 40. எழுதியவர்களில் அவள்தான் கடைசி.

அவர், "என்ன ஆச்சு, ஏன் கீழ உக்காந்திருக்கிற?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மார்ச் 23, திங்கள்

து.த.விடம் போனேன். "சார், மூணாவது கணக்கு ஒருத்தியத் தவிர எல்லாருக்கும் தப்பு."

"டைப்பிங் மிஸ்டேக் யாருது?"

"என்னுது."

"அப்ப புள்ளைங்கள ஏன் மேடம் தண்டிக்கணும்? உங்க ஆன்சர் கீயில முப்பத்தாறாயிரம் இருக்குதா இல்லையா?"

"இருக்குது. ஆனா கேள்வியில அந்த நம்பரே இல்ல சார். யாரும் படிக்கவே இல்ல."

"ரெண்டு விடைக்கும் ஃபுல் மார்க் போடுங்க. முடிஞ்சுது."

சரி, அந்தப் பெண் என் தப்பால் இழந்த நேரத்துக்கு நாலாவது கணக்கில் ஏதாவது பார்த்துப் போடலாமா என்றேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "எழுதாத கணக்குக்கு எப்படி மேடம் மார்க் போடறது? ரூல்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

அறையை விட்டு வெளியே வரும்போது பின்னாலிருந்து: "ஃபீட்பேக் வெள்ளிக்கிழமை ஓப்பன் ஆவுது. பாத்துக்கங்க."

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆக்னஸ் வரிசை வந்ததும் தண்ணீர் குடித்தேன். மறுபடி தேர்வு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்போதே தோன்றியது. வீட்டுக்கு வந்து தோன்றியது என்று எழுதினால் பொய். மறுதேர்வு வைத்தால் வெள்ளிக்கிழமை எனக்கு என்ன மார்க் விழும் என்பதும் தோன்றியது. 31 என்று அடித்தேன்.

மார்ச் 25, புதன்

பேப்பர் கொடுத்தேன். விசில். "தெய்வமே!" என்று ஒரு குரல். ரோஷன் மேஜையைத் தட்டினான்.

மதியம் ஆக்னஸ் ஸ்டாஃப் ரூம் வாசலில். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நான் எங்க மேடம் தப்பு பண்ணேன்?"

"தப்பே இல்லம்மா. நீ போட்டதுதான் கரெக்ட். பேப்பர்ல நம்பர் மாறிடுச்சு. என் தப்பு."

"அப்ப அவங்க போட்டது?"

"அதுக்கும் மார்க் குடுத்தாச்சு."

அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், தண்ணீர் கொடுத்திருப்பேன், தோளைத் தட்டியிருப்பேன்.

"புரிஞ்சிடுச்சு மேடம். நான் மெனக்கெட்டு கேள்வியைப் படிச்சிட்டேன்" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தன் தப்பைக் கண்டுபிடித்த குரல்.

"அப்படிச் சொல்லாதம்மா" என்றேன். அவள் "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு தேங்க்ஸ் வாங்கியதில்லை.

சாயங்காலம் தலைவலி. சமைக்கவில்லை. இட்லி வாங்கி வந்தார்கள்.

மார்ச் 27, வெள்ளி

ஃபீட்பேக் ஓப்பன். வகுப்பு எடுக்கவில்லை, எல்லாரும் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். விக்னேஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நல்ல பையன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆக்னஸ் என்ன போட்டிருப்பாள்? பெயர் வராதாம்.

ஏப்ரல் 6, திங்கள்

வெயில். பிரேக் மாற்றியாச்சு. பையனுக்கு லீவு விட்டாச்சு.

ஃபீட்பேக் 4.7. துறையிலேயே முதலிடம். து.த. லட்டு கொடுத்தார். "பாத்தீங்களா மேடம்? நீங்க மாறினீங்க, புள்ளைங்களும் மாறிட்டாங்க." ஜூனில் புதுப்பித்துவிடுவார்கள். வீட்டுக்குப் போன் செய்தேன், "அப்பாடா" என்றார். எனக்கும் அப்பாடாதான். லட்டையும் முழுசாகத் தின்றேன்.

மூன்றாவது பீரியட் பி.காம். வகுப்பு நிறைந்திருந்தது. புதுப் பாடம். முதல் கணக்கை எழுதினேன். வேண்டுமென்றே ஒரு வரியைத் தாண்டினேன், 'இது ஏன் இப்படி வருது' என்று கேட்பதற்கு இடம் விட்டு. முதல் பெஞ்சைப் பார்த்தேன்.

நேற்று ஈஸ்டர். ஆக்னஸ் புதுச் சுடிதார். நோட்டு மூடியிருந்தது. போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."