நான்கு விநாடிப் பார்வை

1996 ஜூன் 9, ஞாயிறு. பகல் 12.40. பதினேழாவது முறை.

ஒரே காட்சியைப் பதினேழு முறை பார்த்தவன் சூலூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளிநாட்டு விண்கலத் தொடர். எடுத்து முப்பது வருஷம் இருக்கும். ஞாயிறு பதினொரு மணிக்கு டிஷ்ஷில் வருகிறது. கேபிள் கன்ட்ரோல் ரூமில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவன் வேறு என்ன செய்வான்?

அதில் வாரா வாரம் வரும் இன்ஜினியரை எனக்குப் பிடிக்கும். கலத்தில் எது கெட்டாலும் அவனைக் கூப்பிடுவார்கள். சரியானதும் மறந்துவிடுவார்கள். போன மாதம் வந்த பகுதியில் ஒரு பெண் டாக்டர். அந்த ஒரு பகுதியோடு சரி, அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. இயந்திர அறையில் அவன் ஸ்பேனர் கேட்கிறான். அவள் நீட்டுகிறாள். அவன் வாங்காமல் அவளைப் பார்க்கிறான். அவளும் பார்க்கிறாள். வசனம் கிடையாது. நான்கு விநாடி. கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறேன்.

என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கேபிள் சரிசெய்யத் தினம் பத்து வீட்டுக்குப் போகிறேன். எல்லோரும் என் தோளுக்கு மேலே டிவியைத்தான் பார்க்கிறார்கள், படம் தெளிந்துவிட்டதா என்று.

அடுத்த ஞாயிறு உடுமலையில் பெண் பார்க்கப் போகிறோம். அன்புக்கரசி. ரத்தப் பரிசோதனை லேபில் வேலையாம். அந்தப் பார்வை வந்தால் சரி, வராவிட்டால் வேண்டாம். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

ஜூன் 16, ஞாயிறு. மாலை.

பார்த்தாயிற்று. அவர்கள் வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தது இருபத்திரண்டு நிமிடம். என்னை நிமிர்ந்து பார்த்தது — பூஜ்யம்.

சும்மா சொல்லவில்லை. வாட்சை வைத்து நிமிடத்துக்கு நிமிடம் கவனித்தேன். தட்டைப் பார்த்தாள், அம்மாவின் சேலையைப் பார்த்தாள், வாசலில் நின்ற ஆட்டைப் பார்த்தாள். ஆட்டுக்குக் கிடைத்ததுகூட எனக்கு இல்லை.

திரும்பி வரும்போது பல்லடம் பஸ்ஸில் அம்மா கேட்டாள்.

"என்ன கண்ணு, புடிச்சுதா?"

"அந்தப் புள்ளைக்கு என்னயப் புடிக்கல. ஒருக்காகூடப் பாக்கல. வேண்டாம்னு சொல்லிப்போடு."

"பொண்ணுன்னா குனிஞ்சுதாண்டா இருக்கும். பின்ன என்ன, உன்னய மொறச்சுப் பாக்கோணுமா? கட்டிக்கறவன் கண்ணுக்கு லட்சணமா இருக்குதான்னு பாப்பியா..."

"சொல்லிப்போடும்மா."

அதற்கப்புறம் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காந்திபுரத்தில் அவளை ஊருக்கு, தொண்டாமுத்தூர் பஸ்ஸில், ஏற்றிவிட்டு நான் சூலூர் ரூமுக்குத் திரும்பினேன்.

ஜூன் 19, புதன்.

வேண்டாமென்று அம்மா சொல்லிவிட்டாளாம். சரி. முடிந்தது.

ஜூன் 25, செவ்வாய்.

மழை. இரண்டு ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது. பகல் முழுக்கக் கம்பம் கம்பமாக ஏறினேன். ரூமுக்கு வந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டபோதுதான் உறைத்தது, காலையிலிருந்து நான் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம். "இப்ப தெரியுதுங்களா?" "சரிங்க."

ஜூன் 30, ஞாயிறு.

இன்று புதுப் பகுதி. டாக்டர் இல்லை. வரமாட்டாள் என்று தெரியும், ஆனாலும் கடைசிவரை பார்த்தேன். பிறகு கேசட்டைப் போட்டேன்.

கேபிள் முதலாளி சசிதர் புதிதாக வாங்கிய வீடியோ டெக்கில் படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தலாம். விநாடிக்கு இருபத்தைந்து படம், நான்கு விநாடிக்கு நூறு. நூறையும் பார்த்தேன்.

இரண்டு பேரும் ஒரே படத்தில் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

முதலில் அவன் முகம். வெட்டு. அவள் முகம். வெட்டு. மறுபடி அவன். இரண்டு பேருக்குமே மூக்கின் நிழல் திரையில் இடப்பக்கம் விழுகிறது. எதிரெதிரே நின்றால் ஒருவருக்கு வலப்பக்கம் விழ வேண்டும். விளக்கு ஒரே இடத்தில் இருந்திருக்கிறது, ஆளை மட்டும் மாற்றி நிற்க வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவள் முதுகு தெரியும் இடத்தில் சட்டைக் காலரில் இரண்டு கோடு. முகம் காட்டும்போது மூன்று கோடு. அந்த முதுகே வேறு யாருடையதோ!

அவன் பார்த்தது சுவரை. அவள் பார்த்தது, தெரியவில்லை, யாராவது நீட்டிய கையையோ என்னமோ.

இதையா நான் அளவுகோலாக வைத்திருந்தேன்?

ஜூலை 2, செவ்வாய்.

சசிதரிடம் போட்டுக் காட்டினேன். முதலாளி என்றாலும் நண்பன். பாலிடெக்னிக்கில் என் பெஞ்சு.

"அதுக்கென்னடா கதிர்? பாக்க நல்லாத்தானே இருக்குது."

"ஏமாத்துடா. ரெண்டு பேரும் பாக்கவே இல்ல."

"பாத்தாங்கடா. வேற வேற நேரத்துல பாத்திருக்காங்க. விடு. அந்தம்மாவுக்கு இப்ப பேரன் பேத்தியே இருக்கும், நீ என்னமோ நிச்சயம் நின்னுபோன மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கற."

வேற வேற நேரத்துல. இந்தச் சொல் மதியத்திலிருந்து குடைகிறது. நான் வாட்சைக் குனிந்து பார்த்த நேரமெல்லாம் அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்? அந்தப் பக்கத்துப் படம் என்னிடம் இல்லையே.

ஜூலை 12, வெள்ளி.

பத்து நாளாக உடுமலைக்குப் போய் அவளிடமே கேட்கலாமா வேண்டாமா என்றே ஓட்டிவிட்டேன். வேண்டாம் என்று சொன்னவன் எந்த முகத்தோடு போவது? என்னவென்று கேட்பது? "நீங்க என்னயப் பாத்தீங்களா" என்றா? பைத்தியம் என்பாள். சொல்லட்டும்.

ஜூலை 20, சனி.

போனேன். மதியம் ஒன்றே காலுக்கு லேப் வாசலில் நின்றேன். சாப்பாட்டு டப்பாவைக் கழுவ வெளியே வந்தவள் அடையாளம் தெரிந்து நின்றாள்.

"ஏனுங்க, யாருக்காச்சும் டெஸ்டுங்களா?"

"இல்லீங்க. ஒன்னு கேக்கோணும். அன்னிக்கு நீங்க என்னய ஒருக்காகூடப் பாக்கலீங்களே, ஏனுங்க?"

டப்பாவின் மூடியைப் போட்டு மூடினாள். அவசரமே இல்லை.

"பாத்தனுங்களே. நீங்க வாட்சக் குனிஞ்சு பாத்தப்பவெல்லாம் பாத்தனுங்க. பத்தொம்பது தடவ."

"எண்ணுனீங்களா?"

"தெனமும் மைக்ராஸ்கோப்புல எண்ணறதுதானுங்களே எம் பொழப்பு. இவருக்கு எப்படா கெளம்பலாம்னு இருக்குது போலன்னு நெனச்சுட்டனுங்க. ரெண்டு நாள்ல வேண்டாம்னும் சொல்லியுட்டீங்க. சரிதான்னு இருந்துட்டேன்."

எதற்காக வாட்சைப் பார்த்தேன் என்று சொன்னேன். தொடரைப் பற்றி, நான்கு விநாடி பற்றி, நிழல் பற்றி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வாட்சு எதுக்குங்க? நேராப் பாக்கப் பயமுங்களா?"

வாட்ச் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"மறுபடி அம்மாவ அனுப்பட்டுங்களா?" என்றேன்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள உறுதி பண்ணிப்போடோணும்னு அப்பா அவசரப்பட்டாருங்க. போன வாரந்தான் தட்டு மாத்துனாங்க. மடத்துக்குளம். ஆவணியில கல்யாணம்." டப்பாவைக் கை மாற்றிக்கொண்டு, "நல்லவருதானுங்க" என்றாள்.

அப்போது என்னை நேராகத்தான் பார்த்தாள். எத்தனை விநாடி என்று தெரியாது. நான் எண்ணவில்லை.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வாரனுங்க" என்று போய்விட்டாள். அந்த வாசலில் எதற்காகவோ இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 28, ஞாயிறு. காலை 10.10.

எட்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? பஸ்ஸிலும் கம்பத்திலும் ஒரே கேள்வி, ஜூன் பதினாறாம் தேதி ஒருமுறை, ஒரே ஒரு முறை, சற்று முன்னதாகத் தலையைத் தூக்கியிருந்தால்? இனி செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

1. இன்று கன்ட்ரோல் ரூமைச் சசிதர் பார்த்துக்கொள்வான். 10.40 பஸ்ஸில் தொண்டாமுத்தூர்.

2. அம்மாவிடம் உள்ளதைச் சொல்வது. அந்தப் பெண் மேல் ஒரு குறையும் இல்லை என்று முதலில் சொல்வது. திட்டினால் திட்டட்டும்.

3. உடுமலைக்கு மறுபடி போகக் கூடாது. வேறு வேலை என்று சாக்குச் சொல்லிக்கொண்டுகூடப் போகக் கூடாது.

4. ஆவணிக்கு மேல் அம்மா வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போனால், உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டியது: "எனக்குப் பயமா இருக்குதுங்க."