றோல்ஸ் நல்லாயிருக்காம்

அன்பு மச்சான் செல்வம், சாப்பாட்டில் முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறவனே,

ஆனி மறுபடியும் வந்துவிட்டது. டென்மார்க்கின் இந்த எஸ்பியர்க்கில் வழக்கமான கடற்காற்றுத்தான். ஆனாலும் மேசைகளைத் தோட்டங்களுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். நேற்று கிர்ஸ்டன் தொலைபேசியில் அழைத்தாள். அகதிகள் விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு, நகரத்துக் கோடை விருந்துகளையும் நடத்துகிற அதே கிர்ஸ்டன். இந்த முறை உன்னை நினைவுகூரப் போகிறார்களாம். நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். முடிந்தால், நீ கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற அந்த றோல்ஸும் கொண்டுவர வேண்டுமாம்.

இவர்களுக்கு இன்னும் பசி அடங்கவில்லையா, மச்சான்?

ஐந்து வருடத்துக்கு முந்திய அந்தக் கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். உன் மனைவியும் என் தங்கையுமான பவானி, மகள் சுதாவோடு கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். அவர்களை இங்கே கூப்பிட நீ கொடுத்த விண்ணப்பத்துக்குப் பல மாதங்களாகப் பதில் இல்லை. கனடாவிலிருந்து உன் தமையன் எழுதியிருந்தார்: உங்கள் மூவரையும் அங்கே எடுக்கத் தயார், ஆனி முடியமுன் ஓமா இல்லையா என்று சொல்.

நீ என்ன செய்தாய்? விருந்துக்குப் போனாய்.

துறைமுக விழா, தேவாலயத் தோட்டம், பள்ளிக்கூடம் மூடும் நாள். ஒன்றையும் விடவில்லை. மற்ற டேனிஷ் சொல் எதுவும் வாயில் வருமுன் சாப்பாட்டுப் பெயர்கள் உனக்கு வந்துவிட்டன. வினாகிரியில் ஊறப்போட்ட ஹெறிங் மீனைக் கறுத்த பாண் துண்டில் வைத்துத் தின்றுவிட்டு, "மச்சான், உவங்களுக்கு மீன் தெரியும், கறித்தூள்தான் தெரியாது" என்றாய். அவித்த புதுக் கிழங்கைப் பார்த்து, "ரெண்டு செத்தல் மிளகாய் போட்டா இது எழும்பி நிண்டு ஆடும்" என்றாய். நடுக்கோடை இரவில் இவர்கள் வழக்கப்படி கடற்கரையில் சூனியக்காரிப் பொம்மையை நெருப்பில் வைத்தபோது, "ஆற்ற கொடும்பாவி? மந்திரியின்ரயோ?" என்று உரக்கக் கேட்டாய். தமிழ் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு உன்மேல் எரிச்சலாக இருந்தது. என் தங்கை அங்கே மண்ணெண்ணெய் அடுப்போடு கிடக்க, நீ இங்கே ஸ்ட்றோபரிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

ஆனால் நீ வெறுமனே தின்னப் போகவில்லை. ஒவ்வொரு விருந்துக்கும் ஒரு தட்டம் றோல்ஸ் கொண்டுபோனாய். தட்டம் காலியானதும் விருந்து வைத்தவரிடம் ஒரு கடிதம் கேட்டாய். இந்த மனிதர் நல்லவர், எங்களோடு பழகுகிறவர் என்று. கிராம சேவகரின் கடிதம், பாதிரியாரின் கடிதம், அதிபரின் கடிதம் என்று காட்டிக் காட்டியே ஊரில் எல்லாக் கந்தோர்க் கதவுகளையும் திறந்தவர்கள் நாங்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தாய். "இத்தினை வெள்ளைக்காரர் எழுதித் தந்தா, எப்பிடியடா இல்லையெண்டுவினம்?" ஐந்து கடிதங்கள் சேர்ந்தன. கிளிப் மாட்டிக் கொப்பன்ஹேகனுக்கு அனுப்பியவன் நான்.

ஆறாவது, கிர்ஸ்டனின் தோட்டம். மத்தியான வெயில். அவள் றோல்ஸைக் கடித்துக்கொண்டே என்னிடம் டேனிஷில் சொன்னாள்: "குடும்பத்தைக் கூப்பிடும் அந்தக் கோப்புகளை இப்போது யாரும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம் என்று மேலேயிருந்து சொல்லியிருக்கிறார்கள். கடிதம் அனுப்பிப் பயனில்லை. உங்கள் மச்சானிடம் சொல்லிவிடுங்கள்."

பிறகு இன்னொரு றோல்ஸ் எடுத்தாள்.

நீ தட்டத்தைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாய். "என்னவாம் மச்சான்?"

"றோல்ஸ் நல்லாயிருக்காம்."

"அப்ப கடிதம் தருவாவோ?"

"ஓம். தருவா."

தந்தாள், மச்சான். பயனில்லை என்று சொல்லிவிட்டு, றோல்ஸ் தின்ற அதே கையால் எழுதித் தந்தாள். அழகான கையெழுத்து. அதையும் பின்னால் அனுப்பிவைத்தேன். அந்த வார இறுதியில் நீ தமையனுக்கு எழுதினாய்: "கனடா வேண்டாம் அண்ணை, இங்கை அலுவல் சரிவருது."

யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் செய்தி எழுதியவன் நான். ஒருவர் சொன்னதில் ஒரு சொல்லை மாற்றியதற்காக இளம் நிருபர்களை எல்லார் முன்னிலும் ஏசியவன். அன்று மட்டும் ஏன் மாற்றினேன்? நீ நொந்துபோவாய் என்றா? பிறகு சொல்லலாம் என்றா? சொல்லாமல் விட்டால் அது உண்மையாக இருக்காது என்றா? இன்றைக்கும் விளங்கவில்லை. அவளை வெறுக்கிறேன். அவளை வெறுப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

அடுத்த மாரியில், மீன் தொழிற்சாலையில் உடை மாற்றும்போது உன் நெஞ்சு நின்றுவிட்டது. விண்ணப்பித்தவர் இறந்ததால் விண்ணப்பம் முடிகிறது என்று இரண்டு வரி வந்தது. அதோடு உன் ஆறு கடிதங்களும் திரும்பி வந்தன. முதல் ஐந்திலும் நான் மாட்டிய அதே கிளிப், மாட்டிய இடத்திலேயே. அதன் துரு முதல் தாளில் கோடாகப் பதிந்திருந்தது. அதை ஒருவரும் ஒருமுறைகூடக் கழற்றவில்லை.

இந்தத் தையில் டென்மார்க் அரசாங்கமே விழுந்துவிட்டது, தெரியுமா? எங்கள் பெண்டு பிள்ளைகளின் கோப்புகளைக் கிடப்பில் போட்டதற்காக. தொலைக்காட்சியில் ஒவ்வொருவராக வந்து, தெரியாது, நினைவில்லை என்கிறார்கள். தோட்டத்து மேசைகளில் தெரிந்திருந்தது. றோல்ஸ் தின்ற வாய்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

பவானி இன்னும் வெள்ளவத்தையில்தான். சுதா உன்னைவிட உயரமாகிவிட்டாளாம். பவானியிடமிருந்து கடிதத்துக்குக் கடிதம் ஒரே கேள்வி: "இவர் ஏன் அண்டைக்குக் கனடாவுக்கு மாட்டன் எண்டவர் அண்ணா?" நான் அவளுடைய சுகம் விசாரித்து, சுதாவின் படிப்பு விசாரித்து, கடிதத்தை முடித்துவிடுவேன்.

கிர்ஸ்டனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். றோல்ஸ் கொண்டுபோக மாட்டேன். நீ வாங்கிய ஆறு கடிதங்களையும் அவற்றை எழுதியவர்கள் முன்னால் வாசிப்பேன். பிறகு அவள் தன் தோட்டத்தில் சொன்னதை அவளுடைய மொழியிலேயே சொல்வேன். அதற்கு நான் உன்னிடம் சொன்ன தமிழையும் சொல்வேன். ஐந்து நிமிடம் தாராளம்.

இந்தக் கடிதத்தை இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்கு அச்சிடக் கொடுத்திருக்கிறேன்; ஒரு பிரதி நாளைக்கே வெள்ளவத்தைக்குப் போகிறது. பவானி வாசிப்பாள். அதற்குப் பிறகு எனக்கு அவள் எழுதுவாளோ தெரியாது. எழுதினால், எவ்வளவு ஏசியிருந்தாலும், ஒரு சொல் விடாமல் உன் கல்லறையில் வாசித்துக் காட்டுவேன். இனி உனக்கு நான் எதையும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

உன்னிடம் ஒரே ஒருமுறை பொய் சொன்ன மச்சான்,
பவானியின் அண்ணன்