துடைக்கிறவளுக்கு விழுந்த சுழி

அன்புத் தங்கைக்கு, அக்கா எழுதுவது.

"எனக்கு ஒண்ணும் செய்யலையேக்கா, எதுக்கு டெஸ்ட்டு?" என்று போன மாதம் கேட்டாய். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும் பெண்களுக்குத் தைரியம் சொல்வது என் வேலை. நர்ஸ் போட்டிருக்கும் கேமரா வைத்த கண்ணாடி வழியாக வேறு ஊரிலிருக்கும் டாக்டர் பார்ப்பார். சந்தேகமான இடத்தைத் தன் திரையில் அவர் சுழித்தால், நர்ஸின் கண்ணுக்கு அதே இடத்தில் சுழி தெரியும். பிள்ளைகளின் நோட்டில் பிழையை நான் சிவப்பு மையால் சுழிப்பேனே, அது மாதிரி.

நேற்றுப் புதுக் கண்ணாடி வந்தது. இரண்டு வருடமாகப் பரிசோதனை அறையைத் துடைப்பவளை நர்ஸ் கூப்பிட்டாள்.

"சும்மா படுங்கக்கா, ஓடுதான்னு பாக்கத்தான்."

அவளும் சிரித்துக்கொண்டே படுத்தாள். ஸ்பீக்கரில் டாக்டர் உற்சாகமாகப் பேசினார்.

"படம் ரொம்பத் தெளிவு. முத்தின கேஸ். பாடம் நடத்த எடுத்து வைங்க."

படுத்திருந்தவள் என்னிடம் கேட்டாள், "யாரைச் சொல்றாரு டீச்சர்?"

நான்தான் சொன்னேன். இத்தனை நாளில் அவளைப் படுக்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இங்கே குளிர் அதிகம், என் கம்பளிப் போர்வையை அனுப்பு. அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் உன் பெயரைப் பதிந்துகொள்.