கடலில் ஊறிய தகடுகள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்
ஆறு மாதம் தொண்டிக் கடலில் கிடந்த ஆறு இரும்புத் தகடுகளை இன்று காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தேன். பூசிய பெயிண்ட் அப்படியே இருக்கிறது. துளித் துரு இல்லை. தொண்டியிலும் யாழ்ப்பாணக் கரையிலும் ஒரே மாதிரி கட்டப்போகும் இரண்டு இறங்குதுறைகளின் தூண்களுக்கு இந்தப் பெயிண்ட்தான் என்று பேச்சு. துறை வந்துவிட்டால் இங்கே காலையில் ஏற்றிய சரக்கை அன்றைக்கே அங்கே விற்கலாம். எங்கள் தலைவர் சேவுகப்பெருமாள் சார் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

பிப்ரவரி 5
யாழ்ப்பாணத்திலும் இதே தகடு, இதே பெயிண்ட், இதே ஆறு மாதம். ஆறும் துருப்பிடித்துவிட்டனவாம். வீடியோ கூட்டத்தில் அவர்கள் அதிகாரி எங்கள் சோதனையைச் சந்தேகித்தார். அவர்கள் பூசியதே சரியில்லை என்றார் சார். முடிவு ஒத்துவராவிட்டால் திட்டமே தள்ளிப்போகும். அங்கே சோதித்தவள் துஷ்யந்தி, இங்கே நான்.
மாலையில் அவளே போன் செய்தாள். "அக்கா, அவையள் சண்டை பிடிக்கட்டும். நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுப் பாப்பமே?"

பிப்ரவரி 7
படங்களை ஒப்பிட்டோம். "உங்கட தகட்டில ஒரு சிப்பிகூட ஒட்டேல்லையே, ஏன்?" என்றாள்.
ஆமாம் — ஏன்? எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

பிப்ரவரி 9, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்ததும் என் கணவர் ஜெரால்டு பைக்கில் என்னைத் தொண்டிக்கு அழைத்துப் போனார். தகடுகளைப் பார்த்துக்கொண்ட படகுக்காரர் முத்துராமலிங்கம் அண்ணன் இன்ஜினைக் கழற்றிப் போட்டிருந்தார். கேட்டதும் பெருமையாகச் சொன்னார்: "நீங்க பாட்டுக்கு உப்புத்தண்ணியில தொங்க விட்டுட்டுப் போயிட்டீக. சிப்பியும் பாசியுமா ஏறுது. மனசு கேக்கல. வாரம் ரெண்டு தடவ மேல எடுத்து, நல்ல தண்ணி ஊத்தித் தேச்சு, வெயில்ல காயவச்சுத்தான் திரும்ப விட்டேன்."
ஜெரால்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அண்ணனை என்ன சொல்ல? பத்திரமாப் பாத்துக்கங்கண்ணே என்று மட்டும்தான் தகடுகளை இறக்கிய அன்றைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். பத்திரமாகத்தான் பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 10
நடந்ததைச் சொன்னதும் சார் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "இது வேற யாருக்கும் தெரியாதுல்ல ஷீலா? டெல்லியில நம்ம முடிவத்தான் நம்புறாக."
எனக்குத் தெரியும் சார் என்றேன். வேலை போயிட்டா? போகட்டும்னு சொல்ல முடியுமா என்னால? ஆனா சனங்க ஏறி நிக்கப்போற துறையாச்சே அது.

பிப்ரவரி 12
கூட்டத்தில் சொல்லிவிட்டேன். எங்கள் தகடுகள் கணக்கில் சேராது, அவர்கள் முடிவுதான் சரி, தவறு என்னுடையது. பிறகு அந்த அதிகாரி, எங்களைச் சந்தேகித்தவரேதான், தொண்டையைச் செருமிக்கொண்டார். "மறைக்காமச் சொன்னதுக்கு நன்றி பிள்ளை. வேற பெயிண்ட் எடுத்து ரெண்டு பக்கமும் சேந்தே சோதிப்பம்."
சார் நாள் முழுக்க என்னைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "புதுத் தகட்டுக்கு நாளைக்கே எழுதிரும்மா" என்றார். வேலை இருக்கிறது.

பிப்ரவரி 24
துஷ்யந்தி புதுப் பெயிண்ட் பூசிய ஆறு தகடுகள் தொண்டியில்; நான் பூசிய ஆறும் யாழ்ப்பாணத்தில். தொடவே கூடாது என்று அண்ணனிடம் மூன்று முறை சொன்னேன்.

ஜூன் 2
அண்ணன் போன் செய்தார். "சிப்பி ரொம்ப அசிங்கமா ஏறியிருக்கு மேடம். ஆனாத் தொடல."

ஆகஸ்ட் 25
பன்னிரண்டும் தாங்கிவிட்டன, இரண்டு கரையிலும். போனில் துஷ்யந்தி என்னவோ கத்தினாள். ஒரு சொல்லும் புரியவில்லை. நானும் கத்தினேன்.

செப்டம்பர் 19
துஷ்யந்தி நாகப்பட்டினம் வரை கப்பலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாகக் காரைக்குடி வந்து சேர்ந்தாள். நினைத்ததைவிடக் குள்ளம். வெள்ளைப்பணியாரத்தைக் காரச்சட்னியில் தொட்டு ஒன்பது சாப்பிட்டாள். "ஏழு மாசமாக் கதைக்கிறம், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேல்லையே அக்கா" என்று கோபித்துக்கொண்டாள்.
தூண் வேலைக்கு ஒப்புதல் வந்தாயிற்று. இனிமேல் ஆளுக்கொரு அறிக்கை வேண்டாம், ஒன்றே போதும் என்று இரு நாட்டுக் குழுவும் எழுதிவிட்டது. கடைசிப் பக்கத்தில் 'சோதித்தவர்கள்' என்று போட்டு, கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடு. அவள் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.
"நீங்கள்தானே மூத்தவ. முதல்ல போடுங்கோ."
போட்டேன்.