பெங்களூருக்குப் போன புளிச்சோறு

கங்கைகொண்ட சோழபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பிரவீணா அப்பாவுக்கு,

நானும் பிரவீணாவும் இங்கே சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. அப்பா முந்திரித் தோப்பே கதியென்று கிடக்கிறார். அங்கே அத்தையும் நீங்களும் நன்றாக இருக்கவேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தோடுதான் கேட்டுக்கொள்கிறேன், ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்களோடு தனியாகப் பேச முடிந்தால் நான் ஏன் பேனா தேடப்போகிறேன்? கடையில் இரண்டு கையாலும் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் ஒன்று கேட்டால் உங்கள் கூட்டாளி சிங்காரவேலு அண்ணன் பதில் சொல்கிறார். டீ குடிக்க வந்த மணிவேல் அதற்கு மேல் ஒன்று சொல்கிறார். மெசேஜ் போட்டால் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. அதனால்தான் பிரவீணாவின் பழைய நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். தயவுசெய்து இதைக் கடையில் வைத்துப் பிரிக்காதீர்கள்.

நேற்று நீங்கள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப்போக வருவதாகச் சொன்னீர்கள். சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. டிராவலர் வண்டி சொல்லியாச்சு, சீட்டு எதுக்குக் காலியாப் போவணும், சிங்காரம் குடும்பமும் மணிவேல் குடும்பமும் வர்றாங்க, அப்படியே சோழபுரம் கோயிலையும் பாத்துட்டு வந்துரலாம், உங்கம்மாகிட்ட நாட்டுக்கோழி ரெண்டு அடிக்கச் சொல்லு என்றீர்கள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், அந்த வண்டி வந்தால் நான் ஏறமாட்டேன்.

முந்திரிக்கொட்டை பொறுக்க ஆள் இல்லாமல் நான் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரிலிருந்து திரும்பிய மறுநாளே ஏன் துணியை எடுத்து வைத்தாள் என்று உங்களுக்கு இன்னும் ஒரு சந்தேகம்கூட வரவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வருஷம் பிறந்தநாளுக்கு என்ன வேணும் சுதா என்று நீங்களாகத்தான் கேட்டீர்கள். உங்கள் வீட்டில் எந்த ஆண்பிள்ளையும் பெண்டாட்டியிடம் அப்படிக் கேட்டதில்லை. அதை நான் மறக்கவில்லை. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. பெங்களூருக்குப் போய் ஒரு நல்ல ஓட்டலில் உட்கார்ந்து, எனக்குப் பிடித்ததை நானே சொல்லி, சூடாகச் சாப்பிடவேண்டும் என்றேன். பப் பப் என்கிறார்களே, குடிக்க இல்லாவிட்டாலும் அதற்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கவேண்டும் என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சரி என்றீர்கள். நாம் மூன்று பேர் போகிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் பிறந்தநாள் மே ஒன்றாம் தேதி. அன்றைக்கு நம் ஊரில் டாஸ்மாக் மூடியிருக்கும் என்பது என் நினைவில் இல்லை. உங்கள் கூட்டாளிகளுக்கு நன்றாக நினைவிருந்தது. வாசலில் வண்டி வந்து நின்றபோது உள்ளே எட்டு ஆம்பிளைகள் குளித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி முகப்பில் ஃப்ளெக்ஸ் வேறு. எங்கள் அன்பு அண்ணி ஜெயசுதா அவர்களுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துக்கள் என்று போட்டு, எட்டுப் பேர் படமும் அதில் இருந்தது. சிங்காரவேலு அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு நடுவில் நின்றார். என் படத்தைக் காணோம். கேட்டால், பொம்பளப் படத்த ரோட்டுல கொண்டு போவக்கூடாது அண்ணி என்றார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் அம்மனைப் பார்க்காமல் போகக்கூடாது என்றார் அத்தை. வடக்கே போகவேண்டிய வண்டி தெற்கே போய்த் திரும்பியது. அதுகூடப் பரவாயில்லை, அம்மன் எனக்கும் வேண்டும். ஆனால் அண்டா நிறையப் புளிச்சோறு கிளறிக் கொண்டுவந்தாரே, அதை என்ன சொல்ல! ஓட்டலில் சாப்பிடவென்றே கிளம்பும் வண்டியில் ஓர் அண்டா சோறு. கண்ட எடத்துல திங்காதீங்க, வெள்ளிக்கிழமையில கவுச்சி கூடாது என்று ஆத்தூர் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். பீர் கவுச்சியில் சேராதாம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சேலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. தட்டுப் போட்டது யார்? பிறந்தநாள்காரிதான். எல்லோருக்கும் வைத்து, மறுசோறு வைத்து, தண்ணீர் கொடுத்து, கடைசியில் நானும் அத்தையும் சாப்பிட்டோம். வீட்டில் நடப்பது சேலத்திலும் நடந்தது, அவ்வளவுதான்.

பெங்களூரில் அந்தப் பெரிய பப் வாசலில் நீங்கள் எல்லோரும் இறங்கினீர்கள். அத்தையையும் பிரவீணாவையும் என்னையும் வண்டியிலேயே இருக்கச் சொன்னீர்கள். உள்ள என்ன இருக்குன்னு நான் மொதல்ல பாத்துட்டு வரேன் என்று ஒரு சமாதானம். ஐந்து நிமிஷத்தில் ஓடிவந்து, சுதா, சீக்கிரம் வா என்று கூப்பிட்டீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பிரவீணாவை அத்தையிடம் விட்டுவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு, பூவைத் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். வாசல் காவல்காரரிடம் சிங்காரவேலு அண்ணன் என்னைக் காட்டி, இவங்க பர்த்டேதான் சார், நாங்கல்லாம் இவங்க ஆளுங்க என்ற பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆம்பிளைகள் மட்டும் போனால் அங்கே விடமாட்டார்களாம். உங்களுக்கு நான் வேண்டியிருக்கவில்லை, நுழைவுச் சீட்டு வேண்டியிருந்தது.

உள்ளே போனதும் நீங்கள் அவர்களோடு நீள மேஜையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அவங்க குடிக்கிற எடத்துல உனக்கு எதுக்கு என்று, மரியாதையாகத்தான், என்னைத் தள்ளி ஒரு சின்ன மேஜையில் உட்காரவைத்தீர்கள். பரிமாறுகிற பெண் ஒருத்தி வந்து, என்ன வேண்டும் மேடம் என்று தமிழில் கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாகப் போனில் பார்த்துப் பார்த்து மனசில் வைத்திருந்த பீட்சாவைச் சொன்னேன். அடுப்பிலிருந்து எடுத்து ஆவி பறக்க வைத்தாள். முதல் துண்டைக் கையில் எடுத்தேன். மணிவேல் வந்து, அண்ணி, அங்க சைடிஷ் தீந்துபோச்சு, பசங்க வெறும் வயித்துல குடிக்கிறாங்க என்று தட்டோடு தூக்கிக்கொண்டு போனார். கையில் இருந்த துண்டையும் அந்தத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தட்டு திரும்பி வந்தது. கடித்துப் போட்ட விளிம்புகள் மட்டும் இருந்தன. நீங்கள் அங்கிருந்தே கையைத் தூக்கி, நல்லா இருந்துச்சா என்று சைகையில் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு அடுத்த பப்புக்கும் என்னையே முன்னால் நிறுத்தினீர்கள். அங்கே நான் எதுவும் கேட்கவில்லை. வண்டிக்குத் திரும்பினால், புளிச்சோறு மீந்திருக்கு, வீணாப் போவுது, போடு என்றார் அத்தை. போட்டேன்.

ஊரே கூடிக் கொண்டாடினோம் என்று நீங்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் மனசு நல்ல மனசு, யாரையும் விட்டுவிட்டுச் சாப்பிடத் தெரியாத மனசு. என்னை மட்டும் விட்டுவிட்டுச் சாப்பிடுகிறீர்கள்.

அந்தச் சின்ன மேஜைக்குப் பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நம் வயசுதான் இருக்கும். அவள் வாயில் வைத்துக்கொண்டே ஏதோ சொன்னாள், அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நீங்கள் சாப்பிடும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். உங்கள் உச்சந்தலையில் முடி எப்போது கொட்ட ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். பிடித்ததைச் சாப்பிடும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. பெங்களூரெல்லாம் ஒரு சாக்கு. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம். அரியலூர் வந்து ஜெயங்கொண்டம் பஸ் பிடியுங்கள். தனியாக வாருங்கள். பிரவீணாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, பதினோரு மணிக்கு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல் இருக்கிறது. பீட்சா கிடையாது, பரோட்டாதான். யாரோ பரிமாறட்டும். நீங்கள் எதிரில் உட்காருங்கள், நானும் உட்காருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் பிரவீணாவைக் கூட்டிக்கொண்டு உங்களோடு வந்துவிடுகிறேன்.

வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் ஜெயசுதா.

பி.கு.: கிளம்பும்போது அத்தை கட்டாயம் ஏதாவது கட்டிக் கொடுப்பார். வேண்டாம் என்று அவர் மனசை நோகடிக்காதீர்கள். வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு வாருங்கள்.