பதினோரு ‘தி’

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு நாளில் நான்கு கதாநாயகிகள் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஐந்தாவது நாவலில் மழையே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டாம் பக்கத்தில் தூறத் தொடங்கிவிட்டது.

பதிப்பகத்தில் இரண்டாம் நாள். யாரும் கேட்காமலேயே தபாலில் வந்து குவிகிற பிரதிகளைப் படிப்பதுதான் என் வேலை. படித்துவிட்டு ஒரு பக்கம் கருத்து எழுதி மேடத்தின் மேசையில் வைக்க வேண்டும். பதிப்பாசிரியரான அவர் அந்தத் தாளின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஓரெழுத்து போடுவார். அதன்படி எழுதியவருக்கு நான் கடிதம் அனுப்ப வேண்டும். மூன்று மாதப் பயிற்சி. பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் அக்கா வீட்டில் உட்கார்ந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கலாம். கடவுளே, அது மட்டும் வேண்டாம்.

எழுத்துக்களின் அர்த்தத்தை, அச்சுப்பிழை பார்க்கும் புரூஃப் சார் சொல்லிக்கொடுத்தார். “‘ப’ன்னா பதிப்பிக்கலாம். ‘பே’ன்னா மேடமே கூப்பிட்டுப் பேசுவாங்க. ‘தி’ன்னா... அதான் உனக்கே தெரியுமே.”

தெரியும் என்று தலையாட்டினேன். திருத்தம். இதுகூடத் தெரியாதா?

மார்ச் 7, வெள்ளி

இதுவரை ஏழு பிரதி, ஏழும் ‘தி’. பல் டாக்டர் ஒருவர் பல்லைப் பற்றியே எழுதிய நூற்றெட்டுக் கவிதைக்கும் ‘தி’. அவரையும் திருத்திவிடலாம் என்று நம்புகிறாரே, மேடத்துக்கு என்ன பெரிய மனசு!

கம்ப்யூட்டரில் பழைய கோப்பு ஒன்றைத் தோண்டி எடுத்தேன்: “தங்கள் படைப்பைக் கீழ்க்கண்டவாறு திருத்தி அனுப்பினால் மகிழ்வோம்.” கீழே நாலு வரி இடம். அதில் என் கருத்தைப் பக்குவமாக எழுதி அனுப்புகிறேன். யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தது. கெட்டிக்காரிதான் நான்.

மார்ச் 12, புதன்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் நாவல். 412 பக்கம். மாளிகை, வைர மாலை, பிரிந்துபோன இரட்டையர்கள். கொட்டாவி விட்டு விட்டுத் தாடையே வலித்தது.

187-ஆம் பக்கத்தில் ஒரு லிஃப்ட் நின்றுபோகிறது. உள்ளே காய்கறிப் பையோடு ஒரு அம்மாள். மேலேயிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும்: “கதவைத் தொடாதீங்க. என்கூடப் பேசிக்கிட்டே இருங்க.” அந்த அம்மாள் பேசுகிறாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் முகம் தெரியாத அந்தக் குரலிடம் சொல்கிறாள். ஏழு பக்கம். படித்து முடித்தபோது மேசையில் என் சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. அடுத்த பக்கத்தில் மறுபடி வைர மாலை. அடப் பாவி மனுஷா!

“பக்கம் 187 முதல் 193 வரை தவிர இதில் ஒன்றுமில்லை” என்று கருத்து எழுதி வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

அவருக்கும் ‘தி’. பதினோராவது. நாளை முதல் மேடம் மூன்று வாரம் வெளியூர்; திரும்பும் வரை சிவப்புப் பென்சிலுக்கும் லீவு. கடிதத்தில் எழுதினேன்: “மாளிகையை விட்டுவிடுங்கள். அந்த லிஃப்டிலிருந்து தொடங்குங்கள்.”

ஏப்ரல் 8, செவ்வாய்

தொலைந்தேன்.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் வாழ்க்கை வரலாற்றைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். மேடம் பார்சலைத் தூக்கிக் காட்டினார். “இவரை யாரு திருத்தச் சொன்னது?”

“நீங்கதான் மேடம். ‘தி’ போட்டிருந்தீங்களே.”

“‘தி’ன்னா திருப்பி அனுப்பு!”

பின்னால் புரூஃப் சார் களுக்கென்று சிரித்தார். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஐயோ, பதினோரு பேர்! நிராகரிக்கப்பட்ட பதினோரு பேரும் ஒரு மாசமா உட்கார்ந்து திருத்திக்கிட்டு இருக்காங்க. என்ன காரியம் பண்ணித் தொலைச்சிருக்கேன் நான்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போயிருப்பேன்?

“ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு உண்மையைச் சொல்லு. உன்னைப் பத்தி அப்புறம் பேசலாம்,” என்றார் மேடம்.

அக்காவிடம் சொன்னேன். “ஒத்தை எழுத்துல பதினோரு பேரைக் கவுத்துட்டியேடி!” என்று விக்கல் வருகிற வரை சிரித்தாள். நான் அழுததைப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

பத்துப் பேரிடம் பேசியாயிற்று.

கணக்கு வாத்தியார்: “நிராகரிக்கிறதுக்கும் கணக்கு மாதிரி ஸ்டெப் ஸ்டெப்பா போகணுமா? நான் ஒரே ஸ்டெப்ல போட்டிருப்பேன்.” பல் டாக்டர் இன்னும் இருபது கவிதை சேர்த்திருக்கிறாராம். அனுப்ப வேண்டாம் என்று சொல்வதற்குள் இரண்டை வாசித்துக் காட்டிவிட்டார். ஒருவர் பட்டென்று போனை வைத்தார். அது கூடப் பரவாயில்லை. ஒரு பெண்மணி மட்டும் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். அப்புறம் மெதுவாக, “சரிம்மா” என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மெக்கானிக் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

நேரிலேயே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். விரல் நகங்களில் கிரீஸ் கறை. கையில் புதுப் பிரதி, 160 பக்கம். “இருந்த லீவு அத்தனையும் போட்டு எழுதினேன். வீட்டுல என்னைப் பேயோட்டக் கூட்டிட்டுப் போகாத குறை,” என்று சிரித்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். முழுதும் சொல்லிவிட்டேன். ‘தி’, திருத்தம், திருப்பு, என் முட்டாள்தனம், எல்லாம்.

சிரிப்பு நின்றது. பிரதியை மடியில் வைத்து அதன் முனைகளைச் சீராக்கினார். பிறகு, “அந்தக் கடுதாசியை எழுதினது யாரு?” என்றார்.

“நான்தான்.”

“மேடம் சொல்லி எழுதினதா?”

“இல்லீங்க. நானே எழுதினது.”

“நானூறு பக்கமும் படிச்சீங்களா?”

“ஒரு பக்கம் விடாம.”

“அப்போ தப்பு அதை அனுப்பினதுலதாங்க. கடுதாசியில இல்ல.” பிரதியை என் மேசையில் வைத்தார். “இதையும் படிச்சிட்டு, பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு எழுதுங்க. வேலைக்கு நேரமாச்சு.”

ஏப்ரல் 12, சனி

படித்தேன். ஏழு லிஃப்ட், ஏழு பேர், மேலேயிருந்து ஒரே குரல். அக்காவை இழுத்து உட்காரவைத்து நாற்பது பக்கம் வாசித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து போக விடவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பிரதியை மேடத்திடம் கொடுத்தேன். “உன் வேலையே ஊசலாடுது, நீ இவருக்குச் சிபாரிசா?” என்றார்.

“என் வேலை போனாலும் பரவாயில்ல. இதை மட்டும் நீங்களே படிச்சிருங்க மேடம்.” வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பரவாயில்லையா? எனக்கா? என்ன பொய்!

ஏப்ரல் 16, புதன்

மேடம் கூப்பிட்டார். “அவரோட முதல் பிரதியை நான் பிரிக்கவே இல்ல. உன் கருத்துல ‘ஒன்றுமில்லை’ங்கிறதை மட்டும் பார்த்துட்டு ‘தி’ போட்டுட்டேன்,” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். புதுப் பிரதியின் மூலையில் சிவப்பாக ஒரு ‘ப’ போட்டு என்னிடம் நீட்டினார். என்னைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

ஜூன் 2, திங்கள்

மூன்று மாதம் முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால்தானே போகச் சொல்வார்கள்!

ஜூன் 10, செவ்வாய்

பத்தரைக்கு மெக்கானிக் வந்தார். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியை வெட்டச் சொன்னேன். “அதை எடுத்தா அத்தியாயமே அறுந்து விழுந்துரும்,” என்றார். விழட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒன்றரை மணி நேரம் சண்டை. முதலில் குரலை உயர்த்தியது நான்தான்.

சத்தம் கேட்டு மேடம் கதவைத் திறந்தார். இன்றோடு சரி என்று எழுந்து நின்றேன்.

“உன் எழுத்தாளருக்கு டீ சொன்னியா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

என் எழுத்தாளர். அதற்கப்புறம் அந்தப் பத்தியில் என்ன குறை கண்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.