வெற்றிலை போடாத பெண்

மாஸ் வாகியோவுக்கு, உங்கள் மனைவி சுமீரா தைவான் தைச்சுங்கிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? நம் மகள் லிந்தாங் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண்களுக்குப் போடும் தடுப்பூசியை நீங்கள் வேண்டாம் என்றதாக டீச்சர் போனில் சொன்னார். "எம்பொண்ணு வெத்தல போடல, சிகரெட் குடிக்கல, அவளுக்கு எப்படி வாயில புத்து வரும்?" என்று கேட்டீர்களாம். படிவத்திலும் அதையே எழுதியிருக்கிறீர்களாம். அது இந்த வாய் இல்லை, கர்ப்பப்பையின் வாய். அந்தப் புற்று ஒரு கிருமியால் வருகிறது. கிருமி தொற்றும் முன்பே, சின்ன வயதில் ஊசி போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் இங்கே அந்தப் புற்றுக்கான பரிசோதனைக்குப் போனேன். ஏதோ சரியில்லை என்று கொஞ்சம் சதை எடுத்திருக்கிறார்கள். அவ்வளவாக வலிக்கவில்லை. துணைக்கு வந்த நம்மூர் நார்சி, "எந்த வாய வெட்டுனாலும் ஒனக்குப் பேச்சு நிக்காதுடி" என்றாள். நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வார்கள். அதுவரை நீங்கள் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லிந்தாங் போர்த்திக்கொள்ளும் என் பழைய பாத்திக் கைலியைத் துவைக்காமல் அப்படியே அனுப்பிவையுங்கள். இங்கே குளிர்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். வியாழக்கிழமைக்குள் பள்ளிக்குப் போய்ப் படிவத்தை மாற்றிக் கையெழுத்துப் போடுங்கள். ஏன் மனம் மாறினீர்கள் என்று டீச்சர் கேட்டால், அவள் அம்மாவும் வெற்றிலை போட்டதில்லை என்று சொல்லுங்கள்.

சுமீரா